செல்வராணியின் முப்பத்திரண்டு கோடி

சென்ற மாதம் தர்ஷினி தொலைபேசியில் அழைத்தார். நான் பதுளைக் கிளைக்குப் பொறுப்பாக இருந்த கடைசி ஆண்டுகளில் பயிலுநராக வந்து சேர்ந்தவர். இப்போது அதே தரகு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவைக் கொழும்பில் நடத்துகிறார். புதிதாகச் சேரும் தமிழ் பேசும் உத்தியோகத்தர்களுக்கு ஒரு கைந்நூல் தயாராகிறதாம். ஃபியூச்சர்ஸ், ஒப்ஷன்ஸ் என்று சந்தையில் சொல்லப்படும் எதிர்கால ஒப்பந்தங்களிலும் தெரிவு ஒப்பந்தங்களிலும் புரள்வு, கட்டணம், மார்ஜின் ஆகிய மூன்றையும் விளக்கும் அத்தியாயத்தை நான் எழுதித் தர வேண்டும் என்றார்.

“சேர், ஒங்க தீபாவளி அட்வான்ஸ் உதாரணத்த வச்சே எழுதிக் குடுங்க. இன்னக்கி வரைக்கும் நாங்க அதத்தான் சொல்றோம். அத மாதிரி லேசா வேற யாராலயும் சொல்ல முடியல.”

“இன்னுமா அதச் சொல்றீங்க?”

“என்ன சேர் இப்பிடிக் கேக்குறீங்க? எல்லவில ஹோட்டல்ல வேல செய்றவங்க கூட இப்ப போன்ல டிரேட் பண்றாங்க. மார்ஜின்னா என்னன்னு கேட்டா ஒங்க அட்வான்ஸ் கதயத்தான் சொல்லுவாங்க. யாரு சொன்னதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியாது.”

அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார். நான் எழுதித் தர மறுத்துவிட்டேன். உடல்நலக் குறைவு என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். உண்மையான காரணத்தைத் தொலைபேசியில் சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. அதனால் அத்தியாயத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். தர்ஷினி விரும்பினால் கைந்நூலில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் ஹாலிஎலவுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவன். எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்று வணிகவியலில் பட்டம் பெற்ற முதல் ஆள் என்பதால், படித்ததை எனக்கு மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் இளமையிலேயே ஊறிப்போயிருந்தது. அந்த எண்ணத்தைப் பற்றி இன்று எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. கொழும்பில் தரகு நிறுவனத்தின் தீர்வுப் பிரிவில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். ஒவ்வொரு நாளும் வாங்கியதையும் விற்றதையும் ஒப்பிட்டுக் கணக்கை நேர்செய்யும் வேலை. அங்கே கழிந்த ஆண்டுகளில் சொல்லத் தக்கது ஒன்றுதான்: ஜயந்த என்ற மேலதிகாரியிடம் வேலை கற்றேன்.

ஜயந்த குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு மார்ஜின் குறைநிலைப் பட்டியல், அதாவது பிணைப்பணம் போதாத வாடிக்கையாளர்களின் பட்டியல், அவர் மேசைக்கு வந்துவிட வேண்டும். உருக்கு அடிக்கோலை வைத்து ஒவ்வொரு பெயரின் கீழும் கோடிட்டு, பச்சைப் பென்சிலால் குறியிடுவார். சிவப்பு மையை அவர் பிரிவில் யாரும் பயன்படுத்தக் கூடாது. அது பார்ப்பவரைப் பதற்றப்படுத்தும், பதற்றம் கணக்கைக் கெடுக்கும் என்பார். ஒருமுறை சக ஊழியர் ஒருவர் வேலைத்தலத்திலேயே மயங்கி விழுந்தபோது, தன் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போய் மாலை வரை மருத்துவமனையில் இருந்தார். மறுநாள் அந்த ஊழியரின் விடுப்பில் அரை நாளைக் கழித்தவரும் அவர்தான். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தார்.

புதியவர்களுக்கு அவர் நடத்தும் பாடம் கால் மணி நேரம்தான். பயன்படுத்திய தாளொன்றின் பின்பக்கத்தில் மூன்று பெட்டிகள் வரைவார். முதலாவது புரள்வு: வாங்கியதன் பெறுமதியும் விற்றதன் பெறுமதியும் சேர்ந்த கூட்டுத்தொகை. இரண்டாவது கட்டணம்: அந்தப் புரள்வின் மீது விழும் தரகு, சந்தைக் கட்டணம், வரி. மூன்றாவது மார்ஜின்: ஒப்பந்தத்தைத் திறந்து வைத்திருக்க வாடிக்கையாளர் நம்மிடம் வைக்க வேண்டிய பிணைப்பணம்.

“இலாபத்துக்குப் பெட்டி இல்லையா, சேர்?” என்று நான் கேட்டேன்.

“இலாபம் அவர்களுடைய விஷயம், சிவம். இந்த மூன்றும்தான் நம்முடைய விஷயம்” என்றார் சிங்களத்தில்.

அதை அன்று நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

சில ஆண்டுகளின் பின், வெளிநாட்டுச் சந்தைகளின் எதிர்கால ஒப்பந்தங்களையும் நிறுவனம் கையாளத் தொடங்கியது. ஜயந்த மத்திய, ஊவா மாகாணங்களுக்கான பிராந்தியத் தலைவரானார். பதுளையில் கிளை திறந்து, தமிழ் தெரிந்தவன் என்பதால் என்னைப் பொறுப்பாக அனுப்பினார். பேருந்து நிலையத்துக்கு அருகில், மருந்துக்கடையொன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகள். யன்னலைத் திறந்தால் நமுனுகுல மலை தெரியும். ஊர் திரும்பிய மகிழ்ச்சி ஒருபுறம். நம்மவர்களுக்குச் சந்தையைப் புரியவைக்கப் போகிறேன் என்ற பெருமிதம் மறுபுறம். கொழும்பு அனுப்பிய துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்தில் இருந்தது. நானே தமிழில் ஒன்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினேன்.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றின் சனசமூக நிலையத்தில் நடந்த கூட்டத்தில்தான் அந்த உதாரணம் பிறந்தது. நாற்பது இலட்சம் பெறுமதியான தங்க ஒப்பந்தத்தை நான்கு இலட்சத்தை வைத்துத் தொடங்கலாம் என்று சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

“பத்துல ஒன்னு குடுத்தா போதும்னா, மிச்சத்த யாரு கட்டுறது? ஒங்க அப்பாவா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. “தீபாவளிக்குத் தோட்டத்துல அட்வான்ஸ் வாங்குறீங்கதானே? கைல காசில்லாமயே துணி எடுக்குறீங்க, பண்டிக கொண்டாடுறீங்க. பொறகு அது சம்பளத்துல கழியுது. மார்ஜினும் அந்த மாதிரித்தான். சின்னக் காச வச்சுப் பெரிய காரியம் பாக்குறது.”

“தொர அட்வான்ஸ் குடுக்கும்போதே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. இவங்க கும்புட்டுக் குடுப்பாங்களாக்கும்!” என்றார் அதே ஆள்.

மறுபடி சிரிப்பு. ஆனால் பெண்கள் பகுதியில் பல தலைகள் அசைந்ததைப் பார்த்தேன். புரிந்துவிட்டது என்று அந்த அசைவு சொன்னது. ஒரு பேச்சாளனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அடுத்த பிரசுரத்தில் அந்த உதாரணத்தை அச்சிலேயே சேர்த்தேன்.

அது எவ்வளவு பிழையானது என்பதை இப்போதாவது எழுதிவிடுகிறேன். தீபாவளி முற்பணம் என்பது தோட்டத்தின் பணம் தொழிலாளியின் கைக்கு வருவது. மார்ஜின் என்பது வாடிக்கையாளரின் பணம் நிறுவனத்தின் கைக்குப் போவது. முற்பணத்தில் எவ்வளவு கடன் என்பது வாங்கிய அன்றே தெரியும், அதற்கு மேல் அது ஏறாது. மார்ஜின் வைத்தவரின் நட்டத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. வைத்ததெல்லாம் போய், மேலும் கொடுக்க வேண்டியும் வரலாம். முற்பணத்தை மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார்கள். தோட்டத்தில் எவரும் அதை முழுதாக நாளை மதியத்துக்குள் கொண்டுவா என்று கேட்டதில்லை. மார்ஜின் அப்படித்தான் கேட்கப்படும். ஒரே ஓர் ஒற்றுமை, சிறு தொகையும் பெரிய காரியமும் என்பது மட்டுமே. அந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மற்ற மூன்று வேற்றுமைகளையும் நான் சொல்லாமல் விட்டேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் மறந்துபோனேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் யாரும் கணக்குத் திறந்திருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அந்தக் கூட்டம் முடிந்ததும் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தவர் செல்வராணி. முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். கணவர் இறந்துவிட்டார். இருவருடைய ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து ஆறு இலட்சம் ரூபாய் வங்கியில் இருந்தது. ஹாலிஎலயில் ரயில் பாதைக்குக் கீழே ஏழு பேர்ச் காணி விலைக்கு வந்திருந்தது. கேட்ட விலை எட்டு இலட்சம். காணிக்காரர் தைப்பொங்கல் வரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

“பொறந்தது லயம், வாக்கப்பட்டது லயம், புருசன் செத்ததும் லயம். நான் சாகுற எடமாச்சும் எம் பேருல இருக்கணும், தம்பி” என்றார். “ரெண்டு லச்சந்தான் கொறயுது. நீங்க நம்ம புள்ள. நீங்க சொன்னா நம்பி எறங்குவேன்.”

நான் சொன்னேன். அவர் இறங்கினார்.

இனி அந்த மூன்று பெட்டிகளை அவருடைய கணக்கை வைத்தே விளக்குகிறேன். தர்ஷினி கேட்ட அத்தியாயம் இதுதான். தங்க ஒப்பந்தம் ஒன்றின் பெறுமதி அன்று ஏறக்குறைய நாற்பது இலட்சம். தொடங்குவதற்குக் கணக்கில் நான்கு இலட்சம் இருக்க வேண்டும். தொடங்கிய பிறகு மீதி மூன்று இலட்சத்துக்குக் கீழே இறங்கினால், மறுபடி நான்கு இலட்சமாக நிரப்ப வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்த்துப் புரள்வின் ஒவ்வோர் இலட்சத்துக்கும் அறுபது ரூபாய். கேட்பதற்கு மிகச் சிறிய தொகை. ஆனால் அது செல்வராணி வைத்த ஆறு இலட்சத்தின் மீது விழுவதில்லை. ஒப்பந்தத்தின் முழுப் பெறுமதி மீது விழுகிறது. நாற்பது இலட்சத்துக்கு வாங்கி நாற்பது இலட்சத்துக்கு விற்றால் புரள்வு எண்பது இலட்சம். கட்டணம் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். விலை அசையவே இல்லை என்றாலும் அவ்வளவும் போய்விடும்.

நான் தொலைபேசியில் அழைப்பேன். “அக்கா, இப்ப வித்தா மூவாயிரம் லாபம். விக்கவா?”

“வித்துருங்க தம்பி. மூவாயிரம்னா மலையில எத்தன நாளு நிக்கணும்!”

அந்த மூவாயிரம் கட்டணத்துக்கு முந்திய மூவாயிரம். உண்மையில் அவருக்கு அன்று ஆயிரத்து எண்ணூறு ரூபாய் நட்டம். இலாபம் தொலைபேசியில் சொல்லப்படும். கட்டணம் அஞ்சலில் வரும். அதுவும் ஆங்கிலத்தில் வரும். கிளைகளைத் தரப்படுத்துவது புரள்வை வைத்துத்தான்; பொறுப்பாளருக்கு ஒவ்வோர் இலட்சத்துக்கும் மூன்று ரூபாய் ஊக்கத்தொகை. மூன்று மாதங்களில் செல்வராணியின் பெயரில் நாற்பது முறை வாங்கி நாற்பது முறை விற்றேன். நானாக ஒருபோதும் விற்கவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் செய்தேன். அவர் ஒவ்வொரு முறையும் சரி என்றார். ஆவணங்கள் அனைத்தும் ஒழுங்காக இருக்கின்றன.

மூன்றாம் மாத இறுதியில் காலாண்டு அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளைக்கே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வாசித்துப் பார்த்தாராம். ஓர் எண் விளங்கவில்லையாம்.

“இதுல எத்தன சைபரு தம்பி! இது என்னா கணக்கு?”

“அது புரள்வு அக்கா. நீங்க வாங்கினதும் வித்ததும் மொத்தமாக் கூட்டினது. முப்பத்திரண்டு கோடி.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அம்புட்டுக் காசயும் நானா பொரட்டுனேன்? கோடி கோடியாப் பொரட்டிப்புட்டுத்தான் பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தேனாக்கும்! எங்க தோட்டத்தயே வாங்கிப்புடலாம் போலயே.”

நானும் சிரித்தேன். அறிக்கையின் அடுத்த பக்கத்தில் கட்டணங்களின் கூட்டுத்தொகை இருந்தது: ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபாய். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. விலையேற்ற இறக்கத்தில் மட்டும் பார்த்தால் அவர் இருபத்திரண்டாயிரம் ரூபாய் இலாபத்தில்தான் இருந்தார். சந்தை அவரைத் தோற்கடிக்கவில்லை என்பதை வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆறு இலட்சம் அப்போதே நான்கு இலட்சத்து முப்பதாயிரமாகக் குறைந்திருந்தது. காணிக்குக் குறைந்த இரண்டு இலட்சத்தைத் தேடி வந்தவர், கையிலிருந்ததில் ஏறக்குறைய அவ்வளவையும் கட்டணமாகக் கொடுத்திருந்தார்.

அடுத்த கிழமை நாற்பத்தோராவது முறையாக ஒப்பந்தம் வாங்கப்பட்டது. தங்கம் விழுந்தது. மூன்றாம் நாள் மாலைப் பட்டியலில் செல்வராணியின் பெயர் வந்தது: மீதி இரண்டு இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம், நிரப்ப வேண்டியது ஒரு இலட்சத்து எட்டாயிரம், அவகாசம் மறுநாள் பிற்பகல் இரண்டு மணி.

குறைநிலை அறிவித்தலுக்கு ஒரு படிவம் உண்டு. ஜயந்தவே வடிவமைத்தது. அழைத்த நேரம், அறிவித்த தொகை, அவகாசம் ஆகியவற்றை எழுதிய பின் கடைசியாக ஒரு கேள்வி: ‘வாடிக்கையாளர் அறிவித்தலை விளங்கிக்கொண்டாரா? ஆம் / இல்லை’. இல்லை என்று குறியிட்டால், கிளைப் பொறுப்பாளர் நேரில் விளக்குவதற்காக மேலும் ஒரு வேலைநாளுக்குக் கணக்கை மூடக் கூடாது என்பது விதி. அந்த விதியையும் எழுதியவர் அவரே. நல்ல விதி. என் சேவைக்காலம் முழுவதிலும் ‘இல்லை’ என்று குறியிடப்பட்ட ஒரு படிவத்தையும் நான் பார்த்ததில்லை.

நான் அழைத்தேன். பின்னால் குழாயடியில் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. தொகையைச் சொன்னேன்.

“ஒன்னு எட்டா? சரிங்க தம்பி, வர்ற மாசத்துலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா வெட்டிக்குங்க” என்றார், எந்தக் கலக்கமும் இல்லாமல்.

சனசமூக நிலையத்தில் அசைந்த தலைகள் கண்முன் வந்தன.

“இல்லக்கா, வெட்ட ஏலாது. நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள முழுசாக் கட்டணும்.”

“நாளைக்கா? அட்வான்ஸ் மாதிரின்னுதானே சொன்னீங்க?”

“இது வேற அக்கா. கட்டாட்டி கணக்க மூடிருவாங்க.”

குழாயடிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. “சரி தம்பி. பாக்குறேன்” என்று வைத்துவிட்டார்.

படிவம் என் முன்னால் இருந்தது. அவர் விளங்கிக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஐயமறத் தெரியும். ஆனால் ‘இல்லை’ என்று குறியிட்டால் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவது? கிளைப் பொறுப்பாளர் தன் பிரசுரத்தில் பிழையான உதாரணம் தந்தார் என்றா? அந்தப் பிரசுரத்துக்காக அவ்வாண்டு எனக்குக் கேடயம் தந்திருந்தார்கள். அது படிவத்துக்கு நேர் எதிரே சுவரில் தொங்கியது. ‘ஆம்’ என்று குறியிட்டேன்.

மறுநாள் ஒன்றரை மணிக்கு அவர் படியேறி வந்தார். காலையில் பசறைக்கு இறங்கி, தோட்டையும் வளையலையும் அடகு வைத்துவிட்டு, அங்கிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்திருந்தார். கைப்பையிலிருந்து எண்பதாயிரம் ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். “மிச்சத்த வெள்ளிக்கிழம குடுத்துர்றேன். சீட்டுக்காசு வருது.”

இதற்கிடையில் விலை மேலும் விழுந்திருந்தது. மீதி இப்போது இரண்டு இலட்சத்து இரண்டாயிரம். எண்பதாயிரத்தைச் சேர்த்தாலும் மூன்று இலட்சத்தைத் தொடாது. அவரை முன்னறையில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளறையிலிருந்து ஜயந்தவைத் தொலைபேசியில் அழைத்தேன். வெள்ளி வரை அவகாசம் கேட்டேன்.

“படிவத்தில் விளங்கிக்கொண்டார் என்று இருக்கிறதே” என்றார்.

“ஆம், சேர்.”

“அப்படியானால் அவகாசத்துக்குக் காரணம் இல்லை, சிவம்.”

அன்று காலை அதே மேசையிலிருந்து வேறொரு கடிதத்தை நான் அனுப்பியிருந்தேன். பண்டாரவளையைச் சேர்ந்த தேயிலைத் தொழிற்சாலை உரிமையாளர் ஒருவரின் கணக்கு முழுவதும் கரைந்து, நிறுவனத்துக்கே அவர் பல இலட்சம் கொடுக்க வேண்டிய நிலையில் இருந்தது. அவருக்கு மூன்று நாள் அவகாசம் வழங்கி ஜயந்த கையொப்பமிட்டிருந்தார். அதை நினைவூட்டினேன். என் வாழ்நாளில் அவரிடம் நான் காட்டிய ஒரே எதிர்ப்பு அது.

அவர் கோபப்படவில்லை. அடிக்கோலால் கோடு போடும் அதே நிதானத்தோடு சொன்னார்: “அவருடைய கணக்கை இன்று மூடினால் நட்டம் நமக்கு. இந்த அம்மாவுடையதை மூடினால் நட்டம் அவருக்கு மட்டும். அதில் இன்னும் பணம் இருக்கிறது, சிவம். இருக்கும்போதே மூடிவிட வேண்டும்.”

மார்ஜின் யாரைக் காப்பதற்கு என்பதை ஒரு மனிதர் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னது அதுவே முதல் தடவை. அது பொய்யும் அல்ல. எந்தக் கைந்நூலிலும் அந்த வசனத்தை நான் வாசித்ததில்லை.

இரண்டு மணிக்குக் கணக்கு மூடப்பட்டது. மூடுவதற்கும் ஒரு விற்பனை உண்டு. அதற்கும் கட்டணம் இரண்டாயிரத்து நானூறு. செல்வராணிக்குத் திரும்ப வேண்டியது ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய் என்று சொன்னேன். மேசையில் இருந்த எண்பதாயிரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“இது?”

“இது தேவப்படாது அக்கா. எடுத்துக்குங்க.”

“அப்ப நான் எதுக்கு அடகு வச்சேன்?” என்றார். அது குற்றச்சாட்டு அல்ல. விடை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி. பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வேறொன்று கேட்டார்.

“மடுவத்துல கொழுந்து நிறுக்கையில சாக்குக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்க. மழன்னா தண்ணிக்குன்னு இன்னும் ரெண்டு. அநியாயந்தான். ஆனா கண்ணு முன்னால கழிப்பாங்க. தராசுக்கிட்ட நின்னு சண்ட போடுவோம். சில நாளு ஒரு கிலோவத் திருப்பியும் வாங்கிருவோம்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க எங்க வச்சுக் கழிச்சீங்க தம்பி? நான் பாக்கவே இல்லியே.”

அப்போதுதான் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அவருக்கு அது ஐந்தே நிமிடத்தில் விளங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள் தராசின் முன் நின்றவருக்குக் கழிவு என்றால் என்னவென்று யாரும் உதாரணம் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் நாளே சாக்கையும் தண்ணீரையும் சொல்லியிருந்தால் சனசமூக நிலையத்தில் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். எனக்கு அந்த உதாரணம் தோன்றவில்லை. பண்டிகைதான் தோன்றியது.

இரண்டு நாட்களின் பின் தங்கம் ஏறியது. அவகாசம் கிடைத்திருந்தால் அவர் ஓரளவு மீண்டிருப்பார் என்பதை உடனே கணக்குப் பார்த்தேன். பிறகு அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டேன். மீண்டிருந்தால் நான் மறுபடி அழைத்திருப்பேன்; விக்கவா என்று கேட்டிருப்பேன்; புரள்வு நாற்பது கோடியாகியிருக்கும். ஒரு நாள் அவகாசம் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைப்பதும் என் குற்றத்தைச் சிறிதாக்கிக்கொள்ளும் ஒரு வழிதான். ஆனால் அந்த ஒரு நாளும் அவருடைய உரிமை. அதை நான் ஒரு குறியால் பறித்தேன்.

தைப்பொங்கலுக்குப் பிறகு அந்த ஏழு பேர்ச் வேறொருவருக்கு விற்கப்பட்டது. இப்போது அங்கே இரும்புக்கடை இருக்கிறது. ஹாலிஎலயைத் தாண்டும்போதெல்லாம் ரயிலின் மறுபக்க யன்னலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஜயந்த பாராட்டு விழாவோடு ஓய்வுபெற்றார். நானும் அந்த மேடையில் அவரைப் பற்றி நான்கு நல்ல வார்த்தைகள் பேசினேன், நான்கும் உண்மை. அதன்பின் எட்டு ஆண்டுகள் அதே மேசையில் இருந்தேன். பிரசுரத்தை அச்சிடுவதை நிறுத்தினேன். ஆனால் திரும்பப் பெறவில்லை. பெறுவதென்றால் ஏன் என்று எழுத வேண்டும். நல்ல உதாரணங்கள் அச்சு இல்லாமலும் பரவும் என்பதைத் தர்ஷினியின் அழைப்பு எனக்குக் காட்டியது.

நான் ஓய்வுபெற்ற மறுமாதம் நமுனுகுலவுக்குப் போனேன். முப்பத்திரண்டு கோடிக்கு, இலட்சத்துக்கு மூன்று ரூபாய் வீதம் எனக்குக் கிடைத்த ஊக்கத்தொகை ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய். அதை ஓர் உறையில் போட்டு எடுத்துச் சென்றேன். அதே லயம், அதே வாசல். செல்வராணி உட்காரச் சொன்னார். கொடுக்கும் காரணத்தை, அந்தப் படிவத்தின் குறியும் ஒரு நாள் விதியும் உட்பட, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையையும் பயன்படுத்தினேன். அவர் உறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அப்ப ஒரு நாளு தந்திருக்கலாம்.”

“ஆமாக்கா.”

“எழுத்துல இருந்துச்சு.”

“ஆமா.”

தலையசைத்தார். விளங்கிய தலையசைப்பு எது, விளங்காத தலையசைப்பு எது என்று பிரித்தறிய எனக்கு அன்றுதான் முடிந்தது. அவர் உறையைத் திறந்தார்.

“இதுல எதயும் வெட்டலயே தம்பி?”

“இல்லக்கா. முழுசா இருக்கு.”

என் சொல்லை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டுகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, என் கண் முன்னாலேயே, அவசரமில்லாமல் எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிளேன்டீ ஊற்ற அவர் எழுந்து போகவில்லை.

“சரியா இருக்கு” என்றார். “அஞ்சு மணி பஸ்ஸு போயிரும். போய்ட்டு வாங்க.”